பொசிற்றிவ் ஏர்த் மொறிஸ் மைனருக்கு எல்.ஈ.டி. லைற்

இரவில் மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றுக்குப் பின்னால் வாகனம் ஓட்டிப் போனவர்களுக்கு இந்த வேலையை ஏன் தொடங்கினேன் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. பின் லைற் என்று இரண்டு சின்னச் சிவப்புப் புள்ளிகள். பிரேக் மிதித்தால் அந்தப் புள்ளி கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். 1959இல் பின்னால் வந்ததும் இன்னொரு மைனரோ ஒஸ்ரினோதான், ஓடிய வேகமும் அதற்கேற்ற வேகம். இப்போது ஏ9 வீதியில் பின்னால் வருவது இரவுச் சொகுசு பஸ். அந்தச் சாரதி நம்மைக் கண்டு பிரேக் பிடிப்பதற்கு அந்தப் புள்ளி போதாது.

கார் மாமாவிடம் இருந்து வந்தது. 948 சி.சி., நான்கு கதவு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்ததால் முன்னால் கைபிடியைக் கொழுவிச் சுற்றித்தான் ஸ்ராற் செய்வார்கள். அந்தக் கஷ்டத்துக்குள் வயறிங்கை மாற்ற ஒருவரும் மினக்கெடவில்லை. அது என் அதிர்ஷ்டம். துணி பின்னிய பழைய லூக்காஸ் கம்பனி வயர் அரைவாசிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. நிறம் மங்கியிருந்தாலும் ஈரத் துணியால் துடைத்தால் அடையாளம் தெரியும். பிறவுண் பற்றரியில் இருந்து நேரே வருவது. வெள்ளை சாவி போட்டால் வருவது. பச்சை சாவிக்கும் ஃபியூசுக்கும் பிறகு வருவது. சிவப்பு சைட் லைற்றுக்கும் பின் லைற்றுக்கும், நீலம் ஹெட் லைற்றுக்கு, கறுப்பு ஏர்த், அதாவது காரின் உலோக உடம்போடு சேரும் வயர். இவ்வளவு தெரிந்தால் அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார் எதிலும் கை வைக்கலாம்.

வெளிச்சம் ஒரு காரணம் என்றால், கரண்ட் அதைவிடப் பெரிய காரணம். என் காரில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது லூக்காஸ் சி39 டைனமோ. உச்சமாக 19 அம்பியர் தரும், அதுவும் இயந்திரம் நல்ல சுற்றில் ஓடினால். சும்மா நிற்கும்போது ஒன்றுமே தராது. டாஷ்போர்ட் மீற்றருக்குள் சிவப்பு லைற் மங்கலாக எரிவது அதைத்தான் சொல்கிறது. சரி, இரவில் ஒரு சந்தியில் பிரேக் மிதித்தபடி வலப் பக்கச் சிக்னலும் போட்டு நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். டிம்மில் ஹெட் லைற் 36 வாற் படி இரண்டு, அது 6 அம்பியர். சைட் லைற் இரண்டு, பின் லைற் இரண்டு, இலக்கத் தகட்டு லைற் ஒன்று, எல்லாம் 6 வாற் படி: இரண்டரை அம்பியர். பிரேக் லைற் 21 வாற் படி இரண்டு: மூன்றரை. இக்னிஷன் கொயில் இன்னொரு மூன்றரை. சிக்னல் பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைவதால் சராசரி ஒன்றே முக்கால். மொத்தம் 17 அம்பியருக்கு மேல், முழுவதும் பற்றரியில் இருந்து. கொழும்புக்குள் மழை நேரத்தில் வைப்பரும் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஊர்ந்தால், அடுத்த நாள் காலை கைபிடியைத் தேட வேண்டும்.

இந்தக் கணக்கில் ஹெட் லைற்றையும் கொயிலையும் விட்டால் மிச்சம் எல்லாம் எல்.ஈ.டி.யால் குறைக்கக்கூடியது.

அடுத்த சிக்கல் பொசிற்றிவ் ஏர்த். மைனர் உற்பத்தி நிற்கும் வரைக்கும் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் பொடியில், அதாவது உலோக உடம்பில், பூட்டப்பட்டது. இன்றைய கார்கள் எல்லாம் நேர் எதிர். சாதாரண பல்புக்கு இதில் கவலை இல்லை. இழை எந்தப் பக்கம் கரண்ட் போனாலும் எரியும். எல்.ஈ.டி. அப்படிக் கிடையாது, அது ஒரு டயோட், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது. கடையில் விற்கும் எல்.ஈ.டி. பல்ப், அடிப்புள்ளி பொசிற்றிவ், உலோக உடம்பு நெகற்றிவ் என்று எதிர்பார்க்கும். நம் காரில் உடம்பு பொசிற்றிவ். கொழுவினால் ஒன்றும் நடக்காது. புகையும் வராது, எரியவும் மாட்டாது. பல்ப் பழுது என்று நினைத்துக் கடைக்காரருடன் சண்டை பிடிக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கவும்.

எங்கள் பக்கம் பழைய கார்களுக்கு வயறிங் பார்க்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் யோசனை கேட்டபோது, "தம்பி, பற்றரியைத் திருப்பிப் போட்டுட்டுப் பேசாமல் நெகற்றிவ் ஏர்த் ஆக்கிவிடன். பிறகு கடையிலை கண்ட சாமான் எல்லாம் கொழுவலாம்" என்றார். நியாயமான யோசனைதான், செய்தவர்கள் பலர். பற்றரியைத் திருப்பி, டைனமோவின் ஃபீல்ட் முனையைப் பற்றரியால் ஒரு முறை தொட்டு அதன் காந்தத்தை மாற்றி, கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் பெரும்பாலும் முடிந்தது. நான் செய்யவில்லை. இன்னும் இருபது வருடம் கழித்து வேறு யாராவது இந்தக் காரின் பொனற்றைத் திறக்கும்போது, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே கார் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே மூன்று வழி மிஞ்சியது. முதலாவது, அடிப்பகுதிக்குள் நான்கு டயோட் பாலம் வைத்து, எந்தப் பக்கம் கொழுவினாலும் எரிகிற பல்ப். இரண்டாவது, பழைய கார்களுக்கென்றே இங்கிலாந்தில் விற்கும் பொசிற்றிவ் ஏர்த் பல்ப். மூன்றாவது, சாதாரண எல்.ஈ.டி. பல்பைப் பிரித்து உள்ளே வயரை மாற்றுவது. இடத்துக்கு ஏற்ற மாதிரி மூன்றும் என் காரில் இருக்கின்றன.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று நிறம். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. போடக் கூடாது. இழை பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு தாராளமாக இருக்கும். வெள்ளை எல்.ஈ.டி.யோ நீல எல்.ஈ.டி.யின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசியது. அதில் சிவப்பு குறைவு. சிவப்புக் கண்ணாடி மற்ற நிறங்களை விழுங்கிய பிறகு வெளியே வருவது ஒரு வெளிறிய ரோஸ். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக் கண்ணாடிக்கு வெதுவெதுப்பான வெள்ளை. நீலம் கலந்த வெள்ளையை மைனரின் முன் சைட் லைற்றில் போட்டால் கிழவனுக்குக் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி இருக்கும். இரண்டாவது, வெளிச்சம் போகும் திசை. இழை சுற்றிவர எரியும், பின்னாலுள்ள ரிஃப்ளெக்ரர் அதை எடுத்து முன்னால் எறியும். தலையில் மட்டும் எல்.ஈ.டி. வைத்த பல்பைப் போட்டால் கண்ணாடியின் நடுவில் ஒரு கூரான புள்ளிதான் தெரியும். பக்கவாட்டிலும் எல்.ஈ.டி. சில்லுகள் இருக்கிற சோளப் பொத்தி வடிவம்தான் வேண்டும்.

பல்ப் கைக்கு வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கினேன், ஏனென்றால் பாதி வேலைக்கு எல்.ஈ.டி.யே தேவையில்லை. இழை பல்ப் கிடக்கவே பின் லைற்றைப் போட்டு வோல்ற் அளக்கும் கை மீற்றரால் அளந்தேன். பற்றரியில் 12.6 வோல்ற். இடப் பக்கப் பின் ஹோல்டரில் 10.9. இழை பல்பில் வோல்ற் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மிகக் கூடுதலாகக் குறையும். இந்த வித்தியாசத்துக்கே நூற்றுக்கு அறுபது அளவு வெளிச்சம்தான் மிச்சம். மீற்றரின் ஒரு முனையை ஹோல்டரின் உடம்பிலும் மற்றதைப் பற்றரியின் பொசிற்றிவிலும் வைத்தால் 1.2 வோல்ற் காட்டுகிறது. அதாவது இழப்பில் பெரும்பங்கு ஏர்த்தில். கடற்காற்று வீசுகிற ஊரில் இரும்பு மட்காட்டில் திருகாணி போட்டுப் பிடித்த ஹோல்டர் அறுபது வருடம் கழித்து வேறு எப்படி இருக்கும்?

ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே பித்தளை முழுவதும் பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று அம்மா சொன்னார். பளபளக்கும்தான், ஆனால் மூலைக்குள் ஒட்டிய புளியை முழுதாகக் கழுவ முடியாது, ஆறு மாதத்தில் பழையபடி பச்சை. மெல்லிய அரத்தாள் துண்டை ஈர்க்கில் சுற்றி ஹோல்டருக்குள் விட்டுத் திருகினேன். அடியில் ஸ்பிறிங்கில் ஏறி இறங்கும் புள்ளிகளைத் தனியே கழற்றிச் சுரண்டி, ஸ்பிறிங் தளர்ந்திருந்தால் கொஞ்சம் இழுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு ஹோல்டரின் உடம்பிலும் ஒரு கறுப்பு வயரை ஈயம் வைத்து ஒட்டி, பின்னால் டிக்கிக்குள் ஒரே இடத்தில் சேர்த்து, அங்கே பெயின்டைச் சுரண்டி போல்ற் போட்டு இறுக்கினேன். வசலின் கொஞ்சம் பூசி மூடியது. இப்போது அதே ஹோல்டரில், அதே இழை பல்புடன், 12.2 வோல்ற். பின் லைற் இரண்டும் முகம் கழுவி வந்த மாதிரி ஆகிவிட்டது. எல்.ஈ.டி. வேண்டாம் என்பவர்கள் இதோடு நிற்பாட்டினாலும் பழுதில்லை.

எல்.ஈ.டி. போடுகிறவர்களுக்கோ இந்தத் துப்புரவு கட்டாயம். இழைக்குச் சூடு ஆறச் சற்று நேரம் எடுப்பதால், பள்ளத்தில் விழுந்து தொடர்பு ஒரு கணம் விட்டுப் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எல்.ஈ.டி. ஒவ்வொரு விட்டுப் பிடித்தலையும் சிமிட்டிக் காட்டிவிடும்.

இனிப் பல்ப். முன் சைட் லைற்றுக்கும் இலக்கத் தகட்டு லைற்றுக்கும் உரியவை அடியில் ஒரு புள்ளி உள்ள வகை. இவற்றைப் பிரிப்பது எளிது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய சாதாரண எல்.ஈ.டி. பல்பைத் தலைகீழாகப் பிடித்து, அடியிலுள்ள ஈயப் பொட்டில் சூட்டுக்கோலை வைத்தால் ஈயம் இளகும்போது உள்ளிருந்து வரும் மெல்லிய வயரின் நுனி தெரியும். அதைப் பின்சரால் உள்ளே தள்ளிவிட வேண்டும். பித்தளை உடம்பின் விளிம்பில் இன்னொரு ஈயப் பொட்டு, அது மற்ற வயர். அதையும் விடுவித்தால் எல்.ஈ.டி. சட்டம் கையோடு வந்துவிடும். இரண்டு வயரையும் இடம் மாற்றி, மெல்லிய ஸ்லீவ் போட்டு, திரும்ப ஒட்டுவதுதான் வேலை. ஒட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: சில பல்புகளில் சூடு போவதற்கு வைத்த அலுமினியத் துண்டு நெகற்றிவுடன் இணைந்திருக்கும். அது பித்தளை உடம்பையும் தொட்டால், மாற்றிய பிறகு நேரே ஷோர்ட். மீற்றரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து அலுமினியத்தையும் உடம்பையும் தொட்டுப் பார்த்து, சத்தம் வந்தால் அந்தப் பல்பை மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

இலக்கத் தகட்டுக்கும் வெதுவெதுப்பான வெள்ளையே போட்டேன். பழைய கறுப்புத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இப்போது இரவிலும் வடிவாகத் தெரிகிறது. வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீயைத் திணித்ததை எதிர்த்து 1958இல் இந்த ஒரு எழுத்தின் மேல் தார் பூசி மறியலுக்குப் போன ஊர் இது. இன்று பழைய கார் வாங்குகிறவர்கள் ஸ்ரீ நம்பர் என்றால் கூடக் காசு கேட்கிறார்கள்.

பின் லைற்றும் பிரேக் லைற்றும் ஒரே பல்ப். அடியில் இரண்டு புள்ளி, பக்கத்து முளைகள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில், பிழையாகக் கொழுவ முடியாதபடி. இதைப் பிரித்து மாற்றும் எண்ணம் இருந்தால் கைவிடவும். உள்ளே இரண்டு புள்ளியில் இருந்தும் தனித்தனி டயோட் வழியாக வந்து எல்.ஈ.டி.யின் பொசிற்றிவ் பக்கம் சேர்கிறது, பின் லைற்றுக்குரிய பாதையில் மட்டும் கரண்டைக் குறைக்கும் றெசிஸ்டர். ஏர்த்தை மாற்றினால் டயோட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். அரிசி அளவுச் சாமான்களுடன் அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை. லண்டனில் இருக்கும் மச்சான் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது பொசிற்றிவ் ஏர்த் பல்ப் ஒரு சோடி கொண்டுவந்தார்.

இதில் பார்க்க வேண்டியது பிரகாசத்தைவிட வித்தியாசம். பழைய பல்பில் 6 வாற்றுக்கும் 21 வாற்றுக்கும் உள்ள இடைவெளிதான் பின்னால் வருபவருக்கு "பிரேக் பிடிக்கிறான்" என்று சொல்கிறது. மலிவான எல்.ஈ.டி. பல்புகளில் பின் லைற்றே பிரேக் லைற் அளவுக்கு எரியும். மிதித்தாலும் வித்தியாசம் தெரியாது. அது பழைய மங்கல் புள்ளியைவிட ஆபத்து. வந்த பல்பை மேசையில் அளந்தேன்: பின் லைற்றுக்கு 0.05 அம்பியர், பிரேக்குக்கு 0.22. நான்கு மடங்குக்கு மேல். பூட்டிய பிறகு மத்தியான வெயிலில் தம்பியை ஒழுங்கை முடக்கு வரைக்கும் போய் நிற்கச் சொல்லி, பார்க்காமலே பிரேக்கை மிதித்து விட்டேன். ஒவ்வொரு மிதிக்கும் அவன் கையைத் தூக்கினான். போதும்.

பிரேக் எண்ணெய்க் குழாயில் இருக்கும் சுவிச்சுக்கும் இது நல்லது. மூன்றரை அம்பியரை வெட்டி ஒட்டியே அதன் உள்முனை கருகும். இனி அரை அம்பியர்கூட இல்லை.

சிக்னல்தான் நேரம் தின்றது. இந்த மொடலுக்குக் கம்பனி கொடுத்த சிக்னல், கதவுகளுக்கு நடுவே தூணில் இருந்து எழும்பும் கை. மஞ்சள் லைற் வைத்த சிக்னலை எழுபதுகளிலோ எண்பதுகளிலோ யாரோ ஒரு கராஜில் பிறகு சேர்த்திருக்கிறார்கள். வட்ட மஞ்சள் லைற் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, டாஷ்போர்ட்டுக்குக் கீழே தகர டப்பா வடிவில் சூட்டுக் கம்பி ஃபிளாஷர். அந்த ஃபிளாஷருக்குள் ஒரு மெல்லிய கம்பி, பல்புக்குப் போகும் கரண்டில் சூடாகி நீளும், ஆறிச் சுருங்கும். அதுதான் "டிக் டிக்". 42 வாற்றுக்கு அளந்து செய்த கம்பி எல்.ஈ.டி.யின் சொற்பக் கரண்டில் சூடாகாது. எல்.ஈ.டி. மங்கலாக எரிந்தபடி நிற்கும்.

கடையில் இதற்குத் தருகிற மருந்து, எல்.ஈ.டி.க்குப் பக்கத்தில் பூட்டும் தங்க நிறச் சுமை றெசிஸ்டர், 6 ஓம். பழைய பல்பின் கரண்டை அது எடுத்து ஃபிளாஷரை ஏமாற்றும். 12 வோல்ற்றில் 24 வாற், எல்லாம் சூடு. கரண்டைச் சேமிக்க எல்.ஈ.டி. போட்டுவிட்டு, சேமித்ததை அப்படியே துணி சுற்றிய வயருக்குப் பக்கத்தில் அடுப்பாக எரிப்பதில் என்ன பிரயோசனம்? மின்னணு ஃபிளாஷர்தான் சரி.

ஆனால் இங்கேயும் பொசிற்றிவ் ஏர்த் குறுக்கே வருகிறது. மூன்று கால் ஃபிளாஷர் வேண்டாம். அதற்குப் பொடியில் நெகற்றிவ் வேண்டும், உள்ளே வெட்டி ஒட்டுவதும் பொசிற்றிவை. மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் இரண்டு கால் எல்.ஈ.டி. ஃபிளாஷர், பொடியைத் தொடாமல் பாதைக்கு நடுவில் சும்மா தொங்குவது. அதைத் திருப்பிப் பூட்டினால் வேலை செய்யும். பி என்று அடித்த கால் எப்போதும் பொசிற்றிவ் பக்கம் பார்க்க வேண்டும். நம் காரில் கரண்ட் பொடியில் இருந்து பல்புக்கு வந்து, சிக்னல் சுவிச்சைத் தாண்டி, ஃபிளாஷருக்குள் புகுந்து, பச்சை வயர் வழியாகப் பற்றரியின் நெகற்றிவுக்குப் போகிறது. ஆகவே பி காலில் சுவிச்சில் இருந்து வரும் வயர், எல் காலில் பச்சை வயர். பெட்டியில் கீறியிருக்கும் படத்துக்கு நேர் எதிர்.

பூட்டியதும் துடித்தது. ஒன்றுக்கு இரண்டாக! இடம் போட்டாலும் வலம் போட்டாலும் நான்கு மூலையும் சேர்ந்து துடிக்கிறது. காரணம் டாஷ்போர்ட்டில் இருக்கும் சிக்னல் காட்டி பல்ப். அந்தக் கராஜ்காரர் சுருக்க வழியில் அதன் ஒரு முனையை இடப் பக்க வயரிலும் மற்றதை வலப் பக்க வயரிலும் கொழுவியிருக்கிறார். இடம் துடிக்கும்போது, அணைந்திருக்கும் வலப் பக்க 21 வாற் பல்புகள் வழியாக அதற்கு ஏர்த் கிடைக்கும். அந்தப் பெரிய பல்புகள் எரிய இந்தச் சொற்பக் கரண்ட் காணாது. எல்.ஈ.டி.க்கோ அது தாராளம். இதற்கு மருந்து இரண்டு 1என்4007 டயோட். காட்டி பல்பின் ஒரு முனையைப் பொடியில் ஏர்த் செய்து, மற்ற முனையில் இருந்து ஒரு டயோட் இடப் பக்க வயருக்கு, இன்னொன்று வலப் பக்க வயருக்கு. டயோட்டின் வெள்ளிக் கோடு சிக்னல் வயர்ப் பக்கம், கோடில்லாத பக்கம் பல்புக்கு. நெகற்றிவ் ஏர்த் கார் வைத்திருப்பவர்கள் இதைத் திருப்பிப் போடவும். இரண்டு டயோட்டையும் ஒரு சின்ன ஸ்லீவுக்குள் போட்டுச் சுருக்கி, வயர்க் கட்டோடு கட்டிவிட்டேன். இப்போது இடம் இடம், வலம் வலம்.

இரண்டு கால் ஃபிளாஷரில் ஒரு சின்னக் குறை உண்டு. அது உயிரோடு இருப்பதற்கே பல்ப் வழியாகக் கொஞ்சம் கரண்ட் தேவை. அதனால் துடிப்பின் அணையும் பாதியிலும் எல்.ஈ.டி. முழு இருட்டாகாமல் மினுங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பல்புக்குக் குறுக்கே 470 ஓம், 1 வாற் றெசிஸ்டர் ஒன்று வைத்தேன், மினுக்கம் போய்விட்டது. அது தின்பது 25 மில்லி அம்பியர்தான்.

தூணில் இருக்கும் கைகளை விட மனமில்லை. எழும்பும்போது "டொக்" என்று ஒரு சத்தம். சின்னப் பிள்ளைகள் அதைக் காணவே காரில் ஏறுவார்கள். கைக்குள் இருப்பது இரண்டு பக்கமும் கூரான 3 வாற் குழல் பல்ப். கடையில் கிடைத்த குழல் எல்.ஈ.டி. அந்த ஒடுங்கிய கைக்குள் அடங்கவில்லை, அடங்கினாலும் கை தூணுக்குள் போகாது. ஆகவே மூன்று மில்லிமீற்றர் மஞ்சள் எல்.ஈ.டி. மூன்றை வரிசையாகத் தொடுத்து, செப்புத் தகட்டின் மெல்லிய கீற்றில் ஒட்டினேன். ஒன்று 2 வோல்ற் எடுக்கும், மூன்றுக்கும் 6. டைனமோ முழுதாகத் தரும்போது 14 வோல்ற் வரலாம், மிச்சம் 8. 390 ஓம் போட்டால் 20 மில்லி அம்பியர், எல்.ஈ.டி. தாங்கும் அளவு. பொசிற்றிவ் நுனி கையின் உலோகச் சட்டத்துக்கு, நெகற்றிவ் நுனி உள்ளே வரும் மெல்லிய வயருக்கு. கை எழும்பினால் மட்டும் எரிகிறது. கையை எழுப்பும் கொயில் முன்போலவே கரண்ட் தின்னும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அதற்குத் தனி சுவிச். பகலில், மனம் வந்தால் போடுவது.

டாஷ்போர்ட் மீற்றருக்குள் வெளிச்சம் தரும் திருகு பல்ப் இரண்டையும் மாற்றினேன். அதே மீற்றருக்குள் இருக்கும் டைனமோ எச்சரிக்கை லைற்றை மட்டும் தொடவே இல்லை. அந்த 2.2 வாற் பல்பின் ஒரு பக்கம் சாவியில் இருந்து வரும் வயர், மறு பக்கம் டைனமோ. இரண்டும் சமமானால் அணையும். டைனமோவைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றர் பெட்டிக்குள், அதைப் பற்றரியோடு இணைக்கும் கட் அவுட் முனை கருகினால் டைனமோப் பக்கம் பற்றரியைவிட உயர்ந்து, பல்பில் கரண்ட் எதிர்த் திசையில் ஓடும். வேகம் கூடக் கூட மங்கலாக எரியத் தொடங்கும். வயறிங் அண்ணை போன்றவர்கள் நோயைக் கண்டுபிடிப்பது அதைப் பார்த்துத்தான். ஒரு திசையில் மட்டும் எரியும் எல்.ஈ.டி. இதை மறைத்துவிடும். டைனமோவைக் கழற்றி ஒல்ரனேற்றர் போட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: பல வகைகளில் தொடக்கக் கரண்ட் இந்தப் பல்ப் வழியாகத்தான் போகும். அங்கே எல்.ஈ.டி. போட்டால், இயந்திரத்தை உறுமவிட்டால் ஒழிய சார்ஜ் ஏறாது.

பாதுகாப்புக்கு இரண்டு சாமான் சேர்த்தேன். அந்தக் காலத்து மைனரில் மொத்தம் இரண்டே ஃபியூஸ், லைற் சேர்க்கிட்டில் ஒன்றுகூட இல்லை. சிவப்பு வயர் சுவிச்சை விட்டு வெளியே வரும் இடத்தில் 5 அம்பியர் ஃபியூஸ் ஒன்று. அடுத்தது, பற்றரிக்குக் குறுக்கே 24 வோல்ற் இருதிசை டி.வி.எஸ். டயோட், திடீரென்று எகிறும் வோல்ற்றை விழுங்குவது. றெகுலேற்றரின் முனைகள் துடிப்பதாலும், ஹோர்ன், பெற்றோல் பம்ப், சிக்னல் கைக் கொயில் எல்லாம் விட்டுப் பிடிப்பதாலும் லைனில் கூரான வோல்ற் முட்கள் வரும். இழை பல்ப் அதைக் கவனிக்காது. மலிவான எல்.ஈ.டி. ஒவ்வொன்றாகச் சாகும்.

எல்லாம் பூட்டிய பிறகு அதே சந்திக் கணக்கை மீற்றர் வைத்துப் பார்த்தேன். டிம் ஹெட் லைற், பிரேக், சிக்னல், எல்லாம் போட்டு, பத்தரை அம்பியருக்குள் நிற்கிறது. அதில் ஆறு ஹெட் லைற்றுக்கே.

அதனால் அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பது. அண்ணை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்னாலை எல்லாம் வடிவாய்த்தான் கிடக்கு. முன்னுக்கு ஏன் பழசு?" என்றார். ஹெட் லைற்றின் ரிஃப்ளெக்ரரும் கண்ணாடியிலுள்ள வரிகளும், இழை இந்த மில்லிமீற்றரில் இருக்கும் என்று நம்பிச் செய்தவை. டிம் என்பதே இழையை அந்த இடத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி வைப்பதுதான். எல்.ஈ.டி. சில்லு அதே இடத்தில், அதே அளவில் இருக்காது. வெளிச்சம் கூடும், ஆனால் அது றோட்டில் விழாமல் எதிரே வருகிறவரின் கண்ணில் விழும். 60/55 வாற் ஹலஜன் போட்டால் இரண்டு டிம்முக்கும் ஒன்பது அம்பியர் தாண்டும், மிச்சம் பிடித்த கரண்டில் பாதி போய்விடும். 42/36 வாற் இழையே இருக்கட்டும்.

ஆனால் அதற்குப் போகும் வோல்ற்றை உயர்த்தலாம். இப்போது ஹெட் லைற் கரண்ட் முழுவதும் டாஷ்போர்ட் சுவிச், காலால் மிதிக்கும் டிம் சுவிச், இரண்டுக்குள்ளாலும் வளைந்து வந்து, ஹோல்டரில் 11.1 ஆகிறது. பற்றரி பொனற்றுக்குள் பின் சுவரில்தான் இருக்கிறது, அங்கிருந்து தடித்த வயரில் நேரே இழுத்து, நடுவில் டிம்முக்கு ஒன்று, பிறைற்றுக்கு ஒன்று என்று இரண்டு றிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போடும் சுவிச். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் றிலே வாங்கும்போது உள்ளே டயோட் உள்ளதைத் தவிர்த்து, கொயிலுக்குக் குறுக்கே றெசிஸ்டர் மட்டும் வைத்த வகையாகப் பார்த்து எடுத்தேன். டயோட் வைத்தது பொசிற்றிவ் ஏர்த்தில் படத்தில் உள்ளபடி பூட்டினால் முதல் தடவையே சுவிச்சை ஷோர்ட் ஆக்கும். மாரி மழை விட்டதும் அதைப் பூட்ட வேண்டும்.